றீற்றா டீச்சரின் மொரிஸ் மைனர்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதிலும் றீற்றா டீச்சர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறார், பழைய மொரிஸ் மைனர் காரையும் கப்பலில் ஏற்றப்போகிறார் என்று கேள்விப்பட்டால் சும்மா இருக்க முடியுமா? வேலியோரம் போய் நேரேயே கேட்டுவிட்டேன்.

"ஏன் டீச்சர், அந்த ஊருல காரே இல்லையா?"

"இருக்கு, அழகம்மா. ஆனா இது அவரின்ரை கார். அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அவர் என்றால் ராஜலிங்கம் சேர், டீச்சரின் கணவர். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். தொண்ணூறாம் ஆண்டு, வடக்கில் மறுபடி சண்டை மூண்ட நேரம் பார்த்து, யாழ்ப்பாணத்தில் சுகமில்லாமல் கிடந்த தமக்கையைப் பார்க்கப் புறப்பட்டார். "கார் நிக்கட்டும். பஸ்ஸிலை போட்டு வாறன்" என்றார். அதோடு சரி. முகாம், ஆஸ்பத்திரி, செஞ்சிலுவைச் சங்கம் என்று டீச்சர் ஏறி இறங்காத படி இல்லை. ஆறு வருடமாகியும் அவர் இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

கார் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று, அலவத்துகொடயில் கராஜ் வைத்திருக்கும் மஹ்மூத்திடம் டீச்சர் ஓட்டப் பழகினார். டீச்சரோ குள்ளம். சீட்டை முன்னுக்கு இழுத்து, ஸ்டியரிங்குக்கு மேலால் எட்டிப் பார்த்து ஓட்டுவார். தூரத்தில் நின்று பார்த்தால் ஆளில்லாமல் கார் வருகிற மாதிரி இருக்கும். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது மெல்பேனிலிருக்கும் தம்பி டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார், விசாவும் வந்துவிட்டது. காருக்குத்தான் ஆயிரம் சட்டம். வெளியூர் மண் ஒரு துளிகூட ஒட்டியிருக்கக் கூடாதாம். மஹ்மூத் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்துக்கொண்டு பல் தூரிகையால் தேய்த்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் குனிந்து பார்த்தேன்.

"மண்ணுல அப்பிடி என்னதான் ஈக்கி?" என்று கேட்டார் மஹ்மூத்.

"வெதை, பூச்சி எல்லாம் இருக்குமாம்."

"அப்ப நம்மட செருப்பு?"

"அதையுந்தான் கழுவணுமாம்."

மண் போனது. பெயர்தான் போகவில்லை. கார் கொண்டுவருகிறவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று கொழும்பு ஏஜென்ட் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. கார் இன்னும் சேரின் பெயரில் இருந்தது.

வாகனப் பதிவுக் கந்தோருக்கு டீச்சர் போனபோது, கூப்பிடாமலே நானும் கூடப் போனேன். கிளார்க் தங்கமான மனிதர். பெயர் மாற்ற உடைமைக்காரர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். காணாமல் போனவர்களுக்கென்று இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். சேர் இறந்திருப்பார் என்று நம்புவதாகச் சத்தியக் கடதாசி கொடுத்தால் சான்றிதழ் கிடைக்குமாம். எழுதிக்கொடுக்கச் சொல்லிப் பேனையையும் நீட்டினார். டீச்சர் பேனையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கடதாசிதானே டீச்சர்? மனசுக்குள்ள வேற நெனச்சுக்கிட்டா போச்சு."

"ஒரு காருக்காக நான் அந்த மனிசனைச் சாகடிக்கிறதோ, அழகம்மா?"

கார் கப்பலேறாது என்று அன்றே முடிவாயிற்று.

புறப்படுகிற அன்று டீச்சரே காரை ஓட்டிக்கொண்டுபோய் மஹ்மூத்தின் கராஜில் விட்டார். கூடப் போன நான் இறங்கிவிட்டேன். அவர் மட்டும் உள்ளேயே குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார். பிறகு இறங்கிக் கார்த் திறப்பை மஹ்மூத்தின் கையில் கொடுத்தார்.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்கோ. அவர் வந்தா குடுங்கோ."

"நான் ஈக்கிற வரைக்கும் இது இங்க ஈக்கும், டீச்சர்" என்றார் மஹ்மூத்.

விமான நிலையத்துக்குப் போகிற வான் வளைவில் மறைந்ததும் என் மூக்கு சும்மா இருக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் எங்கேயோ இருந்தது. காலை நீட்டிப் பார்த்தும் கிளச் எட்டவில்லை. டீச்சர் சீட்டைக் கடைசி மட்டும் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

முன்னுக்கு இழுக்கக் கை வைத்தேன்.

"அத அசைக்க வாணாம்" என்றார் மஹ்மூத்.