“எல்லாம் சரி” என்று சொல்லும் மெஷின்

காலண்டர் சீசனில் சர்வரை நிறுத்தப் போகிறேன் என்றால் நான் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் அச்சகத்தில் அடிக்கவே வந்துவிடுவார்கள். அதனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுதான மெமரி போர்டை மாற்ற வேண்டியிருந்தது. ஒரே பெரிய சர்வர்தான். அதற்குள் டிசைனுக்கு, பில்லுக்கு, வருகைப் பதிவுக்கு என்று புரோகிராமாலேயே பிரித்த தனித்தனி மெஷின்கள் உண்டு. டொமைன் என்போம். பட்டாசுக் கம்பெனியில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்களே, அது மாதிரி. ஒன்றில் கோளாறு வந்தாலும் மற்றதைத் தொடாது.

போர்டைக் கழற்றும் முன், அதில் ஒவ்வொரு டொமைனும் பிடித்து வைத்திருக்கும் மெமரியை விட்டுவிட வேண்டும். விடாமல் உருவினால் அத்தனையும் படுத்துவிடும். டிசைனிடம் கொஞ்சம், பில்லிடம் கொஞ்சம் என்று பிடுங்கிப் பார்த்தேன். அப்படியும் பத்தவில்லை.

மதுரையிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் திரையைக் காட்டினார். “இந்தக் குட்டி டொமைனை எதுக்குக்கா வச்சிருக்கீக? இதுல யாருமே வேலை பாக்கலையே.”

“கண்காணிப்புக்கு” என்றேன். பாதிப் பொய்.

ஊரில் உள்ள கண்காணிப்பு புரோகிராமெல்லாம் கோளாறு வந்தால்தான் செய்தி அனுப்பும். நான் அதைத் தலைகீழாக எழுதி வைத்திருந்தேன். கோளாறே இல்லையென்றால் மணிக்கொரு தரம் என் போனுக்கு “எல்லாம் சரி” என்று வரும். கணவர் இறந்த வருஷம் எழுதியது. மகன் சென்னையில். திருத்தங்கல் வீட்டில் நான் மட்டும். சோறு வடிக்கும்போது போன் சிணுங்கினால், அட, நம்மையும் ஒருத்தர் தேடுகிறாரே என்றிருக்கும். கிறுக்குத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

“இதை நிப்பாட்டுனா மத்ததெல்லாம் தாங்கிரும்க்கா. நிப்பாட்டிரவா?”

“இருங்க, நானே பண்றேன்.”

நிறுத்தினேன். கீழே அச்சு மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பழைய போர்டைக் கழற்றிய பிறகு பார்த்தால், கொண்டுவந்த போர்டு ஒத்துவரவில்லை. திங்கட்கிழமை வேறு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். அதுவரை மெமரி பத்தாது, குட்டி டொமைன் தூங்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் போன் மூச்சு விடவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். தாங்க முடியாமல் மகனைக் கூப்பிட்டேன்.

“என்னம்மா, எதுவும் பிரச்சினையா?” எடுத்ததும் அதுதான் கேட்டான்.

“ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருக்கேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“அவ்வளவுதானா? நான் பதறிட்டேன். ஏதாவதுன்னா உடனே கூப்பிடும்மா, என்ன?”

வைத்துவிட்டான். ஏதாவது என்றால் கூப்பிட வேண்டுமாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதானடா என் கஷ்டமே என்று போனைப் பார்த்துச் சொன்னேன். அழுகையும் வந்தது, அவன்மேல் கோபமும் வந்தது.

திங்கட்கிழமை சரியான போர்டு வந்தது. டிசைனுக்கும் பில்லுக்கும் மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் முன்னே குட்டி டொமைனை எழுப்பினேன். உடனே என் கையில் போன் சிணுங்கியது.

“யாருக்கா?” என்றார் இன்ஜினியர்.

“வீட்டுல இருந்து” என்றேன்.