கோடிமேட்டுக் கல்மண்டபமும் உண்ணாமலையும்

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் கோடிமேட்டில், ஆடுபுலி ஆட்டத்தில் உண்ணாமலையை ஜெயித்த ஆள் கிடையாது. ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் ஓரிருவர் உண்டு. அதை அவள் காதுபடச் சொல்லும் தைரியம் அவர்களுக்கும் இருந்ததில்லை. எப்போது ஆட உட்கார்ந்தாலும் அவள் ஆட்டைத்தான் எடுப்பாள். மூன்று புலியை வைத்துக்கொண்டு வெட்டித் தின்பது யாருக்கும் வரும், பதினைந்து ஆட்டை ஒவ்வொன்றாக இறக்கிப் புலியை நகரவிடாமல் கட்டுவதற்குத்தான் நெஞ்சழுத்தம் வேண்டும் என்பது அவள் கட்சி. அந்த அழுத்தம் அவளிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

நடவுக் கும்பலுக்கும் அவள்தான் தலைவி. யாரும் கூடிப் பேசி அவளைத் தலைவி ஆக்கவில்லை. அவள் முன்னால் நடந்தாள், மற்றவர்கள் பின்னால் போனார்கள், அவ்வளவுதான். கூலி பேசுவது அவள், நிலக்காரர் வரப்பில் நின்று அதட்டினால் திருப்பி அதட்டுவதும் அவள். நாற்பதை ஒட்டிய வயது, நெடுநெடுவென்ற உடம்பு. சேற்றில் குனிந்தால் நிமிர மறந்தவள் மாதிரி நட்டுக்கொண்டே போவாள். ஆனால் பகல் சாப்பாட்டு வேளை வந்தால் முதலில் நிமிர்கிறவளும் அவள்தான். பசி ஒரு காரணம். பெரிய காரணம் மண்டபம்.

ஏரிக்கரைக்குக் கீழே, புறம்போக்கில், ஆலமரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கல்மண்டபம் நின்றது. எந்தக் காலத்தில் எந்த ராஜா கட்டினானோ, தூண்களில் சிங்கம் இருந்தது, தரையோரமாக வரிவரியாகப் பழைய எழுத்து இருந்தது. எழுத்தை ஊரில் ஒருவரும் படித்ததில்லை. தரைக்கல்லில் வெட்டியிருந்த ஆட்டக் கோடுகளைத்தான் ஊர் தலைமுறையாகப் படித்துவந்தது. சாப்பாட்டுத் தூக்கை இறக்கி வைத்த கையோடு உண்ணாமலை சுருக்குப்பையைத் திறந்து புளியங்கொட்டையைக் கொட்டிவிடுவாள். காணும் பொங்கலன்று ஊரே கட்டுச்சோற்றோடு அங்கே இறங்கும். ஏரியில் குளிப்பார்கள், ஆலமரத்தில் ஊஞ்சல் கட்டுவார்கள், மண்டபத்துக்குள் ஆட்டம் நடக்கும். எத்தனை சண்டைக்காரர்களும் அன்றைக்கு ஒரே தூண் நிழலில் உட்கார்ந்து புளிசோறு தின்றாக வேண்டும்.

கோடுகள் தேய்ந்துபோய்விட்டன என்று ஒரு சித்திரை மாதம் அவள் கொத்தனாரிடம் உளியை இரவல் வாங்கினாள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாக் கோட்டையும் புதிதாக வெட்டிவிட்டாள். ஊர் மெச்சியது. அவளுக்கும் தலைகால் புரியாத பெருமை.

அந்த ஆடியிலேயே தொல்பொருள் இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் அது. மண்டபத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது, இரும்பு கேட் வந்தது, நீலப் பலகை வந்தது. காவலுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். அந்த வேலை உண்ணாமலையின் புருஷன் முனிரத்தினத்துக்கு வந்தது.

முனிரத்தினம் வாய் அதிராத மனிதர். மாடு முட்டி இடுப்பு போனதிலிருந்து அவரால் ஏர் பிடிக்க முடியவில்லை. பெண்டாட்டி நட்டுக் கொண்டுவரும் காசில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று உள்ளுக்குள் மறுகிக்கொண்டிருந்தவருக்கு இந்த வேலை சாமி கொடுத்த மாதிரி இருந்தது. இப்போதைக்குத் தினக்கூலி, ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் பண்ணிவிடுவோம் என்று சொல்லி, ஒரு காக்கிச் சட்டையும் ஒரு பூட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. பூட்டு அதைவிடப் பெரியது. பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அவர்கள் சொன்னதை, யாரையும் விடாதே என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பகலில் கும்பல் தூக்கும் கையுமாக வந்தபோது கேட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்தில் காக்கிச் சட்டை நின்றது.

"யாரா இருந்தாலும் வெளியதான். சர்க்கார் எடம்" என்றார் முனிரத்தினம், பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல்.

கும்பல் மொத்தமும் உண்ணாமலையைப் பார்த்தது. இப்போது கேட் பிய்த்துக்கொண்டு போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"சரிய்யா. நீயா ஒன் வாயால உள்ள வான்னு கூப்புடற வரைக்கும் நான் இதுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றாள். திரும்பி ஏரிக்கரைமேல் போய் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள்.

வீட்டில் அவள் சோறு போடாமல் இல்லை, பேசாமலும் இல்லை. வாச்மேன் சாருக்கு ரசம் ஊற்றலாமா, அதற்கும் பர்மிசன் வேண்டுமா என்று கேட்டுச் சிரிப்பாள். சாவி அவர் தலைமாட்டில்தான் கிடக்கும். கை நீட்டினால் எடுத்துவிடலாம், அவள் எடுக்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து அவர் நிமிர்ந்து நடந்ததை அவள் பார்த்திருந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. கேட்டும் திறக்க வேண்டும், வேலையும் போகக்கூடாது. காணும் பொங்கலுக்குள் இரண்டும் நடக்கும் என்று கும்பலில் மூத்தவளான ராணியம்மாளிடம் அடித்துச் சொன்னாள். எப்படி என்று ராணியம்மாள் கேட்டால், பார்த்துக்கொண்டே இரு என்பாள்.

ஐப்பசி அடைமழையில் மண்டபம் கண்ணெதிரே காய்ந்துகிடக்க, இவர்கள் சோற்றுத் தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கரையில் நனைந்தார்கள். முனிரத்தினமும் கேட்டுக்கு வெளியில் நின்று நனைந்தார். சர்க்கார் இடத்தில் தான் மட்டும் ஒதுங்குவது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இப்படி ஒரு மனிதரிடம் என்ன சண்டை போடுவது?

மார்கழி கடைசியில் நவரைப் பட்டத்து நெல் நடவு தொடங்கியது. பொங்கலுக்கு முன்னால் பெரிய ஆபீசர் மண்டபத்தைப் பார்வையிட வருகிறார், நாளைக் காலை ஜீப்பில் வருவார் என்று தகவல் வந்தது. முனிரத்தினம் கேட்டைப் பூட்டிக்கொண்டு, காக்கிச் சட்டையை இஸ்திரி போட உத்திரமேரூர் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போனார். ஆபீசரோ ஜீப் மக்கர் பண்ணியதால், ஒரு நாள் முன்னதாகவே டவுன் பஸ் பிடித்துக் கரைமேல் நடந்து வந்துவிட்டார்.

ஆபீசர் பெயர் சுகுமார். காஞ்சிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, தோளில் ஜோல்னாப் பை, தலையில் கைக்குட்டை. பூட்டிய கேட்டை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் வந்து சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். இன்சூரன்ஸ் ஆள் யாரோ சுற்றிப் பார்க்க வந்திருக்கிறான் என்று உண்ணாமலை நினைத்தாள்.

உட்காரச் சொன்னாள், தூக்கு மூடியில் கூழ் ஊற்றிக் கொடுத்தாள், பிறகு பிடித்துக்கொண்டாள். சாவி முனிரத்தினம் என்று ஒருத்தரிடம் இருக்கிறது, அந்த ஆள் பூட்டின பூட்டை எமன் வந்தாலும் திறக்கமாட்டார், மழையில் கும்பலே நனைந்தது, குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த வழிப்போக்கனைக்கூட நிழலுக்கு விடவில்லை, இப்போதுகூட ஆள் கடைத்தெருவுக்குப் போய்விட்டார் என்று வரிசையாக எடுத்துவிட்டாள். ராணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷனைத்தான் சொல்கிறாள் என்று வந்தவர் எப்படிக் கண்டார்?

உள்ளே பார்க்க என்ன இருக்கிறது என்று சுகுமார் கேட்டார். உண்ணாமலைக்கு முகம் மலர்ந்தது.

"ஆட்டக் கட்டம் கீது சார். தேஞ்சி பூட்ச்சின்னு போன சித்திரையில நாந்தான் உளி வாங்கி வெட்டிவுட்டேன். சும்மா கண்ணாடி மாரி கீது" என்றாள்.

அவர் முகம் மாறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. குச்சியால் மண்ணில் கட்டம் கீறி, புலி மூன்றையும் அவரிடம் தள்ளினாள். அவரும் விளையாடத் தெரிந்தவராகத்தான் இருந்தார், நான்கு ஆட்டை வெட்டினார். அதற்குள் மற்ற ஆடுகள் சத்தமில்லாமல் சுற்றி வந்துவிட்டன. மூன்றாவது புலியையும் அவள் கட்டி முடிக்கிற நேரத்தில், கரைமேல் சைக்கிள் மணி கேட்டது. மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை ஹேண்டில்பாரில் தொங்க, பனியனும் கைலியுமாக வந்த முனிரத்தினம் சுகுமாரைப் பார்த்ததும் சைக்கிளோடு நின்றார். கம்பி போட்ட நாளில் வந்திருந்தவர்களில் ஒருவர் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, பனியனோடு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"ஆபீசர் ஐயா" என்றார்.

உண்ணாமலையின் கையிலிருந்த புளியங்கொட்டை கீழே விழுந்தது. அவள் வாழ்க்கையில் பயந்த தடவைகள் குறைவு. அன்றைக்குப் பயந்தாள். தன் வாயாலேயே புருஷன் வேலையைத் தின்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

சுகுமார் கேட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே போனார். எல்லோரும் கேட்டோடு நின்றார்கள். தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கோட்டை வெட்டினவர் இங்கே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். உண்ணாமலை வாசலுக்கு வெளியில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். சபதம் சபதம்தான். அவர் விரலால் காட்டினார். ஒரு கோட்டின் முனை பழைய எழுத்து வரிக்கு நாலு விரல் தள்ளி நின்றது. ஏதோ ஏரிக்கு எவரோ நிலம் விட்ட சேதி அது, எழுநூறு எண்ணூறு வருஷமாக இந்தக் கல்லில் இருக்கிறது, உளி இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் போயே போயிருக்கும் என்றார். கோபமாகத்தான் சொன்னார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊர் மெச்சிய வேலை இப்படியா என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் அடுத்து அவர் முனிரத்தினம் பக்கம் திரும்பி, பகலில் காவலை விட்டுப் போனது, பொதுமக்களை மழையில் நிறுத்தியது என்று ஆரம்பித்ததும், அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"சார், உளி எடுத்தது நான். தப்புதான், இனிமே எடுக்க மாட்டேன். இவர எதுக்கு கேக்கறீங்க? எங்க வூட்டுக்காரரு சார் இவரு. கட்ன பொண்டாட்டியவே ஆறு மாசமா உள்ள வுடாத ஆளு, வேற எவன வுட்டுடப் போறாரு? நீங்க மெட்ராஸ் வரைக்கும் தேடினாலும் இந்த மாரி காவல்காரன் கெடைப்பானா?"

சுகுமார் அவளைப் பார்த்தார், முனிரத்தினத்தைப் பார்த்தார், சைக்கிளில் சிக்கிக் கிடந்த காக்கிச் சட்டையைப் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேட் போட்டது மாடு, லாரி, கல் திருடுகிறவன் எல்லோருக்கும்தானே தவிர ஜனங்களுக்கு இல்லை என்று முனிரத்தினத்துக்கு நிதானமாகச் சொன்னார். விடிந்தால் திறக்க வேண்டும், பொழுது போனால் பூட்ட வேண்டும். அடுப்பு மூட்டக்கூடாது, இரும்பு எதுவும் உள்ளே வரக்கூடாது. கோடு தேய்ந்தால் கோலமாவு போட்டு ஆடிக்கொள்ளுங்கள், ஆடி முடித்ததும் கூட்டிவிடுங்கள் என்றார். கிளம்பும்போது, நிரந்தரத்துக்குத் தானே எழுதுவதாகவும், பெண்டாட்டியை நிறுத்தி வைத்ததையும் சேர்த்தே எழுதப்போவதாகவும் சொன்னார். சொன்னபடி எழுதியிருக்கிறார். அடுத்த ஆடிக்குள் முனிரத்தினம் மாசச் சம்பளக்காரர் ஆகிவிட்டார், புதுச் சட்டை அளவாகவும் வந்தது.

காணும் பொங்கலன்று ஊர் கட்டுச்சோற்றோடு திரண்டு வந்தது. கேட் அகலத் திறந்திருந்தது. பக்கத்தில் காக்கியில் முனிரத்தினம். ராணியம்மாள் போனாள், நடவுக் கும்பல் போனது, பிள்ளைகள் ஓடினார்கள், எலியும் பூனையுமாக இருந்த பங்காளிகள்கூட ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். உண்ணாமலை மட்டும் கேட்டுக்கு வெளியே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஆட்டம் தொடங்கவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனிரத்தினம் தொண்டையைக் கனைத்தார். ஊரைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். பிறகு, இந்தத் தடவை, அவள் முகத்தைப் பார்த்தார்.

"இடுப்புல உளி கிளி எதுனா கீதா?" என்று கேட்டார்.

அவள் சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினாள். புளியங்கொட்டையும் ஒரு பொட்டலம் கோலமாவும் இருந்தன. அவர் அதைக் குனிந்து, வேலையில் இருக்கிற மனிதராகவே, நன்றாகச் சோதித்துப் பார்த்தார்.

"சரி. உள்ள வா, உண்ணாமல" என்றார்.