கமலா அக்கா வீட்டு மச்சில் எலி இருக்கிறது

போன சனிக்கிழமை காலை பால் வாங்கப் போன அப்பா வெறும் பையோடு திரும்பி வந்தார். "லோகு போயிட்டான்" என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. சந்தில் எல்லோரும் முதலில் கேட்டது, "ஷாக்கா?" இல்லை, நெஞ்சுவலி. இத்தனை வருடம் கரண்டைத் தொட்டவரைக் கரண்டு தொடவே இல்லை.

ஜோகுபாளையத்தில் லோகநாதன் மாமா வயரிங் பார்க்காத வீடு குறைவு. நம் ஓட்டு வீடுகளில் அவருக்குப் பாதி வேலை கொடுத்தது எலிதான். அதனால் அவருக்கு 'எலிக்ட்ரீஷியன்' என்று பட்டம் வைத்தேன். "போர்டு எழுதறவன்கிட்ட சொல்லு, மாட்டிடலாம்" என்றார்.

வயரில் அப்படி என்ன ருசி என்று ஒருநாள் கேட்டேன்.

"திங்கறதுக்கு இல்ல கண்ணு. அதுக்குப் பல்லு வளந்துக்கினே இருக்கும். தேய்க்கலன்னா வாயை மூட முடியாது. உன்ன மாதிரி."

மருந்து வைக்க விடமாட்டார். "மேலயே செத்து நாறும். அடுத்த வாரம் அதோட மச்சான் வருவான்" என்பார். வயரை இரும்பு பைப்புக்குள் இழுப்பார். சுவர் ஓட்டைகளில் கம்பிவலையைத் திணித்து சிமெண்ட் பூசுவார். மேலே ஏறுமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வீட்டில் யாராவது ஒருவர் கையில் கொடுப்பார். "நான் இறங்கி வந்து கேட்டாத்தான் குடுக்கணும்." அவர் உயிர் அந்தக் கையில்.

இனி நான் செய்தது. நம் வரிசையில் நாலு வீட்டுக்கும் ஓட்டுக்குக் கீழே ஒரே பலகை மச்சு. பரீட்சை லீவில் ஒரு குச்சியில் சீப்பைக் கட்டி, எங்கள் பரண் சந்து வழியாக நீட்டி, கமலா அக்கா வீட்டுப் பக்கம் சுரண்டினேன். அக்கா போட்ட அலறலுக்கு இரண்டு நாள் சிரித்தேன். மாமா வந்தார், ஏறினார், "எலி இல்லம்மா" என்று இறங்கினார். மறுவாரம் மறுபடி சுரண்டினேன், மறுபடி ஏறினார். இந்த முறை போகும்போது என் உள்ளங்கையில் உடைந்த சீப்புப் பல் ஒன்றை வைத்தார். "இந்த எலிக்குப் பல்லு பிளாஸ்டிக்கு" என்றார். அப்பாவிடம் அவர் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை நான் சீப்பைத் தொடவே இல்லை. சத்தம் கேட்டது நிஜம். மாமா வந்தார். அத்தனை பேர் நிற்க, கட்டையை என்னிடம்தான் கொடுத்தார்.

இறங்கியவர் முகம் மாறியிருந்தது. "செம்பு தெரியுது சார். வயரெல்லாம் கொறிச்சு வெச்சிருக்கு. நேர் கீழ தொட்டில் கட்டியிருக்கீங்க."

கமலா அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். "ரெண்டு வாட்டி இல்லன்ன. இன்னிக்கு இருக்குங்கற. என்ன லோகு, வேலை கம்மியா?"

"மேல ஏறிப் பாருங்க சார்."

"போதும்பா, கட்டையப் போட்டுட்டுக் கிளம்பு."

மாமா என்னைப் பார்த்தார். முதல் இரண்டும் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேசியே சாகடிக்கிறவள் என்று பேர் வாங்கிய நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கை நீட்டினார், கட்டையைக் கொடுத்தேன். அதற்கப்புறம் நம் வரிசையில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மூன்றே மாதம், அவரும் போய்விட்டார்.

இப்போது பள்ளி விட்டு வந்தால் மேலே சத்தம். விட்டு விட்டு, அவசரமே இல்லாமல். அவர் இன்னும் மச்சிலேயே இருப்பது போலவும், எந்த நிமிடமும் இறங்கி வந்து கட்டையைக் கேட்பார் போலவும் இருக்கிறது. வெறும் கையை மூடி மூடித் திறக்கிறேன். கமலா அக்காவிடம் சொன்னேன். "லோகுவோட பிரமை உனக்கும் தொத்திக்கிச்சாடி?" என்று சிரித்தார். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மாமாவின் பதினாறாம் நாளுக்கு நம் மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதச் சொன்னபோது வேடிக்கையாக எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். கமலா அக்கா, அவர் சொன்னது பிரமை இல்லை. வேறு ஆளைக் கூப்பிட்டு இன்றைக்கே மேலே ஏற்றுங்கள். கட்டையை நானே பிடித்துக்கொள்கிறேன்.

மாமா கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஒரு பெயர். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை மறைத்து வைக்க இனி என்னால் முடியாது.

ரேவதி,
மூன்றாம் வீடு.