ரேகாவின் முகம்

சிதம்பரத்தில் எங்கள் அச்சகத்துக்கு வருகிறவர்களில் பேரம் பேசாதவர் காயத்ரி ஒருவர்தான். அதற்காக நல்ல கஸ்டமர் என்று நினைத்துவிட வேண்டாம். அதே படங்களை ஏழு முறை மாற்றிக் கொடுத்து என் உயிரை வாங்கியவர். கிள்ளைப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் அங்கன்வாடி டீச்சர். குழந்தைகளுக்குப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு படப் புத்தகம் போட வேண்டும் என்று வந்தார். கடல் கொண்டுபோன அக்காவைத் தங்கச்சி தேடுகிற கதை. பக்கத்துக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் அவரே வரைந்த படம்.

"அக்கா மூஞ்சி மட்டும் சரியா வரல சார்" என்று ஒவ்வொரு முறையும் படங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாப் படத்துலயும் உங்க மூஞ்சியையே போட்டு வச்சிருக்கீங்க. அப்புறம் எப்புடி வரும்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. காயத்ரி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அக்கா ரேகாவைச் சுனாமியில் பறிகொடுத்தபோது அவளுக்கு ஏழு வயது, காயத்ரிக்கு ஆறு. உடல் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த போட்டோக்களும் அலையோடு போயின. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஊரில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள், இறந்த பிள்ளைகள் அத்தனை பேர் படமும் வரிசையாக. அதில் தன் மகள் மட்டும் இல்லாமல் போவதை அப்பாவால் தாங்க முடியவில்லை. காயத்ரிக்கு ரெட்டைச் சடை போட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டார். "ரெண்டும் ஒரே ஜாடதான" என்றாராம். அப்பா இப்போது இல்லை. பேனர் மட்டும் வருஷா வருஷம் அதே படத்தோடு வருகிறது.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி காயத்ரி தன் முகத்துக்குக் கீழே அக்கா பெயரைப் படித்துக்கொண்டுதான் கரைக்குப் போக வேண்டும். எல்லோரும் பேனருக்குப் பூப் போடுவார்கள். அம்மா மாரியம்மாள் மட்டும் கிட்டேயே போக மாட்டார். உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு எப்படிப் பூப் போடுவது? இத்தனை வருஷத்தில் ரேகாவுக்காக அவர் வாய்விட்டு அழுததும் இல்லை.

"எங்கம்மா என்னப் பாக்கறப்ப யாரப் பாக்குதுன்னே தெரியல சார். கண்ணாடி முன்னாடி நின்னா எனக்கே பயமாருக்கு, அவ மூஞ்சிய நான் எடுத்து வச்சிக்கிட்டேனோன்னு. அம்மாவுக்கும் இப்ப பேனர்ல இருக்கற மூஞ்சிதான் ஞாவகத்துல நிக்கிது. அவ மூஞ்சி கெடச்சிட்டா அவளுக்குன்னு ஒரு தடவ அழுதுருவோம்."

அவர் போன பிறகு வேலையே ஓடவில்லை. என் வாயை நானே நொந்துகொண்டேன்.

பிச்சாவரத்தில் படகு ஓட்டும் ராபர்ட், ரேகாவோடு இரண்டாம் வகுப்பு படித்தவர். காயத்ரி அவரைத் தேடிப் போய்க் கேட்டாராம். அவருக்கும் முகம் ஞாபகமில்லை.

"அது எப்பவும் முன்னாடி போவும் காயத்ரி. பின்னாடி ஓடற எங்களுக்கு முதுகுதான தெரியும். செருப்பக் கையில வச்சிக்கும். எடது தோளு கொஞ்சம் எறங்கினாப்புல நடக்கும். அது மட்டும் நல்லா ஞாவகமிருக்கு."

அடுத்த வாரம் பன்னிரண்டு படமும் புதிதாக வந்தன. ஒன்றில்கூட அக்காவுக்கு முகமில்லை. எல்லாவற்றிலும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா என்று வாய்வரை வந்தது. இந்த முறை வாயை மூடிக்கொண்டு அச்சடித்தேன்.

முதல் பிரதியை நானே கிள்ளைக்குக் கொண்டுபோனேன். காயத்ரி அதை வாங்கி அம்மா மடியில் வைத்தார். மாரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பக்கமாகப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் ரேகா ஈர மணலில் கடலைப் பார்த்து நடக்கிறாள். கையில் செருப்பு, இடது தோள் இறங்கியிருக்கிறது.

மாரியம்மாள் அந்தத் தோளில் விரலை வைத்தார்.

"ரேகா" என்று கூப்பிட்டார். தெருவில் போகிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல். "ஏ ரேகா, தண்ணி கிட்ட போவாத. திரும்பி வா."

அவள் திரும்பவில்லை. மாரியம்மாள் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் தலையைத் தூக்கிக் காயத்ரியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கன்னத்தைத் தடவினார்.

"அவ வேறடி" என்றார். "நீ வேற."