பூனைக்கு நாலு முழம்

சண்டை தொடங்கியது ஒரு நல்ல வார்த்தையில்தான். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் என் அத்தாவுக்கு அரிசி மண்டி. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவருக்குப் பருப்பு மண்டி. ஒருநாள் பருப்புக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து, "பாய், உங்க பூனை இன்னிக்கி எங்க குடோன்ல மூணு எலி அடிச்சிது" என்றார். பாவம், நன்றி சொல்ல வந்தவர். அத்தாவுக்கு வந்ததே கோபம்!

"நம்ம வூட்டு கருவாட்ட துன்னுட்டு அவரு எலியப் புடிக்குதா? இன்னா நாயம் இது?"

அந்தக் கருவாட்டையும் பூனையையும் மாமல்லபுரத்துக் கடற்கரையிலிருந்து கொண்டு வந்தவர் என் மாமா. இனி சுவர் தாண்டினால் பூனையை அவரோடு திருப்பி அனுப்பிவிடுவதாக அத்தா சொன்னார். அன்றே அதன் கழுத்தில் நாலு முழச் சணல் கயிறு ஏறியது. மறுமுனை குடோன் தூணில்.

எனக்கு வயிறு எரிந்தது. மூணாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, முடிந்ததும் எனக்குப் பள்ளிக்கூடம் போதும், பொண்ணு வீட்டோடு இருக்கட்டும் என்று அத்தா முடிவு கட்டியிருந்த வருஷம் அது. அழுது பார்த்தேன். சோறு வேண்டாமென்று அடம் பிடித்தும் பார்த்தேன், பசிதான் மிச்சம். அதனால் பூனையைக் கட்டியதை என்னையே கட்டியதாக எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் அத்தாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கவனித்தவை எலிகள். ஒரே வாரத்தில் அவற்றுக்கு முழக்கணக்கு அத்துப்படி ஆகிவிட்டது. நாலு முழத்துக்குள் இருந்த மூட்டைகளில் ஒரு பல்கூடப் படவில்லை, அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் ஓட்டை. பூனை கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்க, அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஓர் எலி சாவகாசமாக உட்கார்ந்து அரிசி கொறித்ததை நானே பார்த்தேன். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அத்தா தோற்பாரா? அவிழ்க்க மாட்டார். இன்னும் இரண்டு முழம் முடிச்சுப் போட்டுச் சேர்த்தார். எலிகள் இரண்டு முழம் தள்ளிப் போயின. மறுபடியும் மூன்று முழம்.

"பேசாம அவுத்து வுட்டுடுங்களேன்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு!"

ஒரு காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்க்கிறேன், கயிறு சுவர்மேல் ஏறி, உடைந்த ஓட்டில் சிக்கி விறைத்து நிற்கிறது. பூனை அந்தப் பக்கம் தொங்குகிறது! "ஐயோ, கழுத்து!" என்று நான் போட்ட கூச்சலில் அத்தா செருப்பில்லாமல் ஓடி வந்தார். சுவரில் ஏறப் பார்த்தார், முடியவில்லை. "அண்ணாத்தே! அண்ணாத்தே!" என்று கத்தினார். பதினைந்து நாளாக முகம்கொடுத்துப் பேசாத அதே மனிதரைத்தான்.

கயிறு சட்டென்று தொய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

சற்றைக்கெல்லாம் பருப்புக்காரர் வாசல் வழியாக வந்தார். இடுப்பில் பூனை, கையில் அறுத்த கயிறு. "அழாதம்மா, நல்லாத்தான் கீது" என்று பூனையை என்னிடம் கொடுத்தார். அப்புறம் அத்தா பக்கம் திரும்பி, "பாய், உங்க கயிறு எங்கூட்டாண்ட வந்துகீது. இந்தாங்க" என்று நீட்டினார்.

அத்தா முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு வெடித்துச் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்தையே மறந்துவிட்டேன். கயிற்றை அம்மா அடுப்பில் போட்டாள். பூனை மத்தியானமே சுவர் தாண்டிப் போய்விட்டது.

முழுப் பரீட்சை முடிந்த அன்று, சாப்பிடும்போது அத்தா தொண்டையைக் கனைத்து என்னைக் காட்டினார். "இனிமே இது வூட்டோட இருக்கட்டும். வாசல் வரிக்கும் வரட்டும். வேணும்னா பக்கத்து வூட்டுக்குப் போவட்டும்."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்போ எத்தினி முழம்னு சொல்லிடுங்க."

அத்தாவின் கை சோற்றிலேயே நின்றது. பள்ளிக்கூடம் திறந்த அன்று, நாலாம் பாரத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.