கையால் ஊட்டிய மீன்

தலைவர் அண்ணை, அந்தக் கடல்நாய்க் குட்டியின் கடலைப் பறித்தது நீங்கள்தான்.

மொன்றியல் துறைமுகத்தில் காயத்தோடு கிடந்த, அருகிவரும் இனத்துக் குட்டி அது. நான் தொண்டு செய்யும் காப்பகத்தில் வைத்துத் தேற்றினோம். மனிதரோடு பழகினால் கடலில் பிழைக்காது என்பதால், பலகைக்குப் பின்னால் மறைந்து நின்றே மீன் எறிவோம்.

எங்கள் ஊர்ச் சங்க மலருக்குப் படம் வேண்டும் என்று வந்தீர்கள். பலகையைத் தாண்டிப் போய்க் குட்டிக்கு மீன் ஊட்டினீர்கள்.

“அண்ணை, விடுங்கோ! பழகிப்போடும்!”

“பசிச்ச பிள்ளைக்குக் கையால குடுக்கிறது பாவமே? நீ படத்தை எடடா.”

எடுத்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கர்க்லாண்ட் புறநகரிலிருந்து குடும்பத்தோடு வந்து ஊட்டினீர்கள். எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் என்பதால் நான் மறிக்கவில்லை. அது என் பிழை.

காயம் ஆறியதும், காப்பகத்தில் தேறிய வேறு குட்டிகளோடு அதையும் கொண்டுபோய், ஆறு கடலில் சேரும் இடத்தில் கூட்டைத் திறந்தோம். மற்றக் குட்டிகள் திரும்பிப் பாராமல் நீந்தின. அது மட்டும் கரையேறி வந்து, என் கையை முகர்ந்து வாயைத் திறந்தது. மூன்று முறை தள்ளிவிட்டோம். மூன்று முறையும் திரும்பி வந்தது. இனிச் சாகும்வரை அதற்குத் தொட்டிதான்.

மலரில் ‘உயிர் காத்த தலைவர்’ என்று உங்கள் படம் வந்திருக்கிறது. உங்களை நான் விடமாட்டேன். என் பிழையை இங்கே எழுதிவிட்டேன். உங்களுடையதை வரும் பொதுக்கூட்டத்தில், மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.