தராசு காட்டாத கொழுப்பு

டோல்கேட் சந்திப்பில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. உலகம் தோன்றிய நாளிலிருந்து அங்கேயே நிற்கும் லாரிகள் அவை. ஒன்றிரண்டில் அரசமரம் முளைத்திருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் இன்னாசியின் மனைவி லூர்து போனில் அழைத்தாள். "அண்ணே, அவரு பூட்டாருண்ணே." ஆட்டோவை விட்டு இறங்கினேன். ராயபுரம் வரை நடந்து போயிருக்கிறேன் என்பது அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

துறைமுகத்தில் அவனோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னாசி கிரேன் ஓட்டினான். நான் கீழே நின்று கைகாட்டினேன். ஒட்டடைக்குச்சியின் நடுவில் ஒரு சின்னப் பானையைக் கட்டித் தொங்கவிட்டால் எப்படி இருக்குமோ, அதுதான் இன்னாசி. நானோ, என் நிழலில் இரண்டு லாரிகளை நிறுத்தலாம். மேலே இருந்துகொண்டு அவன் கத்துவான்: "டேய் பீப்பா, தள்ளி நில்றா! கப்பலு உன் பக்கம் சாயுது பாரு!" பணிக்காலம் முழுவதும் எனக்கு வைக்கப்பட்ட ஒரே பெயர் பீப்பா. சம்பளத்தோடு சேர்த்துத் தினமும் கிடைத்தது.

ஒருமுறை சங்கக் கட்டடத்தில் இதயப் பரிசோதனை முகாம் போட்டார்கள். எனக்குக் கொஞ்ச நாளாக மூச்சு இரைத்தது. பயம். துணைக்கு வருகிறேன் என்று இன்னாசி வந்தான். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தான். எக்கோ ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா என்னை முடித்துவிட்டு அவனுடைய பானையை ஒரு பார்வை பார்த்தார். "நீங்களும் படுங்க" என்றார்.

"நானா? நான் இவனைப் பாத்துக்க வந்தவன் டாக்டரம்மா!"

"படுங்க."

படுத்தான். திரையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "ரெண்டு பேருக்குமே இதயத்தைச் சுத்திக் கொழுப்பு நிறையச் சேர்ந்திருக்கு."

இன்னாசி துள்ளி எழுந்தான். "இவனுக்குக் கொழுப்புன்னு எண்ணூர் வரிக்கும் தெரியும். எனக்கு எப்டிம்மா? என் எடை இன்னா, இவன் எடை இன்னா? மிஷின் ரிப்பேரா கீதா பாருங்க!"

அந்த அம்மாள் சிரித்தார். அளவு நாடாவை எடுத்து முதலில் என் இடுப்பிலும் பிறகு அவன் இடுப்பிலும் சுற்றினார். பிறகு நிதானமாக விளக்கினார். இதயத்தின் மேல் எல்லோருக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு. மெத்தை போல. அது வேண்டியதுதான். உடம்பு பருக்கும்போது, அதிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும்போது, இந்த மெத்தையும் தடிக்கும். சிலருக்கு இதயத்தின் சதைக்குள்ளேயே புகுந்துவிடும். அளவு மீறினால் அது சும்மா கிடக்காது. ரத்தக்குழாயைக் கெடுக்கலாம், துடிப்பைத் தாறுமாறாக்கலாம். "இவருக்கு வெளியவே தெரியுது. உங்களுக்குத் தொப்பையில ஒளிஞ்சிருக்கு. கை கால் ஒல்லியா இருக்கறதைப் பார்த்து ஏமாந்துட்டீங்க. இடுப்பைக் குறைங்க, இதுவும் குறையும்."

வெளியே வந்ததும் என் கால்கள் தாமாகவே பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோக் கடையை நோக்கித் திரும்பின. துக்கத்தில் மனிதன் வேறெங்கே போவான்? இன்னாசி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

"மாமு, கல்யாணத்தன்னிக்கி ரீத்தாவ நாந்தான் கைய புட்ச்சி கோயிலுக்குள்ள இட்னு போவணும். அதுக்கு முன்னாடி இது நின்னு பூட்ச்சின்னா?" நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். மகள் ரீத்தா அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "உள்ள கீறது தராசுல வராதுடா. நான் தனியா நடக்க மாட்டேன். பேஜாரு. நீயும் வர்ற."

மறுநாளிலிருந்து விடியற்காலையில் என் வீட்டு வாசலில் குரல் கேட்கும். "பீப்பா முழிச்சினு கீதா, உருண்டு கடல்ல பூட்ச்சா?" தெருவே எழுந்துகொள்ளும். மானத்துக்குப் பயந்து நானும் எழுந்தேன். காசிமேட்டுப் பக்கம் நடப்போம். வறுத்த மீன் வாசனை வராத சந்துகளாகப் பார்த்து அழைத்துப் போவான். அந்த வட்டாரத்தில் அப்படியொரு சந்தைக் கண்டுபிடிப்பது புதிய கண்டத்தைக் கண்டுபிடிப்பதற்குச் சமம். ஒருநாள் அவனே வஞ்சிரத் துண்டோடு என்னிடம் மாட்டிக்கொண்டான்.

"இன்னாடா இது?"

"மோந்துதான் பாத்தேன்."

"வாய்ல முள்ளு கீதே?"

"மூக்கு வழியா பூந்துக்கிச்சி மாமு."

இப்படித் தடுக்கி விழுந்தும் எழுந்தும்தான் நடந்தோம். அடுத்த பரிசோதனையில் இருவருக்கும் மெத்தை மெலிந்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். யாருக்கு அதிகம் மெலிந்தது என்று அங்கேயே சண்டை போட்டோம். வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

ரீத்தாவின் கல்யாணத்தன்று கோட்டுப் போட்டுக்கொண்டு மகளின் கையைப் பிடித்தபடி இன்னாசி கோயிலுக்குள் நடந்து வந்தான். பானை இருந்த இடம் தட்டையாக இருந்தது. என்னைத் தாண்டும்போது, பாதிரியார் பார்க்காத பக்கமாக ஒரு கண்ணைச் சிமிட்டினான். நான் அழுத அழுகையில் மழைக்காலத்துச் சுரங்கப்பாதை போலக் கோயிலுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

போன மாதம் நுரையீரலில் நோய்த்தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பேசவே திணறியவன், என்னைக் கண்டதும் ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டுப் பேசினான். "டாக்டரு சொன்னாரு, இதயம் சோக்கா கீதாம். இந்தச் சளிதான்... நீ நடக்கறத நிறுத்திடாத, இன்னா?"

"நீ எழுந்து வா, சேந்து போவோம்" என்றேன்.

"சும்மா கப்ஸா வுடாத" என்றான். சிரிக்கப் பார்த்து இருமினான். லூர்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

அவனை அடக்கம் செய்த மறுநாள் காலை நான் தனியாக நடந்தேன். ஒருவரும் திட்டாமல் எழுந்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இருந்தும் எழுந்தேன்.

தோழர்களே, நான் எழுதியதில் கழித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. லாரியில் முளைத்த மரத்தைக் கழியுங்கள், கோயிலுக்குள் தேங்கிய தண்ணீரைக் கழியுங்கள். அவனிடமிருந்து எனக்குக் கிடைத்து நான் வைத்திருப்பது இந்த இதயம். இது இன்னும் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருப்பது இன்னாசியால். இதில் மட்டும் எதையும் கழிக்காதீர்கள்.